அணு யுகத்தின் சரித்திரம் – 9: கம்பர்லாந்தின் பாலும் ஒரு தசம எண்ணும்

1954 மார்ச் முதல் தேதியன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், பசிபிக் சமுத்திரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மேல் பொழிந்த சம்பவத்தையும், அந்தப் படகு யாய்சு துறைமுகத்தை அடைந்த பிறகு ஜப்பானிய அதிகாரிகள் துறைமுகந்தோறும் சூரை மீன்களைக் கருவி கொண்டு சோதித்து, பத்து சென்டிமீட்டர் தூரத்தில் நிமிஷத்துக்கு 100 எண்ணிக்கைக்கு மேல் காட்டியவற்றையெல்லாம் ஒதுக்கி அழித்ததையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த விதி வெடிகுண்டின் விளைவாகப் பிறந்தது. அணு உலை ஒன்று விபத்துக்குள்ளாகி, அதன் காரணமாக ஜனங்கள் அன்றாடம் உண்ணும் பண்டத்தில் கதிரியக்கம் இவ்வளவுக்கு மேல் இருத்தலாகாது என்று ஒரு தேசம் உலகறிய வரையறுத்து, அந்த வரையறையைத் தாண்டியதை விற்பனைக்கு வராமல் தடுத்த முதல் சந்தர்ப்பம், மூன்றரை வருஷங்களுக்குப் பின்னர், 1957 அக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் நேர்ந்தது. பண்டம், பால். வரையறை, லிட்டர் ஒன்றுக்கு 0.1 மைக்ரோகியூரி. அந்தச் சிறு தசம எண்ணை எழுதியவர் யார், எதை உத்தேசித்து எழுதினார்கள், எழுதிய பிறகு அது என்ன செய்தது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

*

ஐரிஷ் கடலுக்கும் ஏரிப் பிரதேசத்து மலைகளுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த கம்பர்லாந்து ஜில்லா, மழை மிகுந்த பூமியாகையால் பயிரைக் காட்டிலும் புல்லுக்கே பெயர் பெற்றது. கரையோரச் சமவெளியில் கறவை மாடுகளும் மலைச் சரிவுகளில் ஆடுகளும் மேய்ந்தன. அந்தக் கரையில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் 1947ல் தேர்ந்தெடுத்து, விண்ட்ஸ்கேல் என்று பெயரிட்டு, அங்கே இரண்டு அணு உலைகளைக் கட்டத் தொடங்கியது. யுத்த காலத்தில் அமெரிக்கரோடு சேர்ந்து அணுகுண்டு வேலையில் ஈடுபட்டிருந்த பிரிட்டனுக்கு, 1946ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மக்மஹோன் சட்டம் அந்த வித்தையின் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே தனக்கு வேண்டிய புளூட்டோனியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டுமென்ற அவசரம் லண்டனைப் பிடித்துக்கொண்டது. 1950 அக்டோபரில் முதல் உலையும் மறு வருஷம் இரண்டாவது உலையும் இயங்க ஆரம்பித்தன. 1952 அக்டோபர் 3ஆம் தேதி ஆஸ்திரேலியாவை அடுத்த மோன்டே பெல்லோ தீவுகளில் பிரிட்டன் தன் முதல் அணுகுண்டை வெடித்துக் காட்டியபோது அந்த அவசரத்தின் நோக்கம் நிறைவேறியது.

அவசரத்தில் கட்டிய உலைகளின் அமைப்பிலேயே அபாயத்தின் வித்தும் இருந்தது. ஏறக்குறைய 2,000 டன் கிராஃபைட்டை அடுக்கி, அதில் குறுக்கே துளைத்த ஆயிரக்கணக்கான கால்வாய்களுக்குள் அலுமினியக் குப்பிகளில் அடைத்த யுரேனியத் தண்டுகளைச் செருகி, வெளியிலிருந்து இழுத்த காற்றைப் பெரிய விசிறிகளால் அவற்றினூடே செலுத்திக் குளிர்வித்து, சூடேறிய அந்தக் காற்றை 400 அடிக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி வழியே மீண்டும் ஆகாயத்திலேயே விட்டார்கள். உலைக்குள் எது எரிந்தாலும் எது கசிந்தாலும் அது நேரே வெளியே போய்ச் சேர வழி திறந்திருந்தது. புகைபோக்கிகளின் கட்டுமானம் வெகு தூரம் நடந்தேறிய பிறகு, ஸர் ஜான் காக்கிராஃப்ட் என்னும் பௌதிக விஞ்ஞானி உச்சியில் வடிகட்டிகள் வைத்தே தீர வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். வீண் செலவென்று கருதியவர்கள் அவற்றைக் காக்கிராஃப்டின் அசட்டுத்தனம் என்று பரிகசித்துக்கொண்டே கட்டி முடித்தார்கள். பரிகாசத்துக்கு ஆளான அந்த வடிகட்டிகள்தாம் பின்னர் துகள்களில் பெரும் பகுதியைப் பிடித்து நிறுத்தின. ஆனால் ஆவியாகப் போன அயோடினைப் பிடிக்க அவற்றுக்குச் சக்தி போதவில்லை.

வேகமான நியூட்ரான்கள் ஓயாமல் தாக்குவதால் கிராஃபைட்டின் அணுக்கள் தம் இடத்தைவிட்டுப் பெயர்ந்து, அந்தப் பெயர்ச்சியில் ஒரு சக்தி உள்ளே தேங்கி நிற்கும் என்பதை யூஜீன் விக்னர் என்ற விஞ்ஞானி முன்பே சொல்லியிருந்தார். தேங்கிய சக்தி எதிர்பாராத வேளையில் வெப்பமாக வெளிப்பட்டுவிடாதிருக்க, அவ்வப்போது உலையை வேண்டுமென்றே சிறிது சூடேற்றி அதை வெளியேற்றுவது விண்ட்ஸ்கேலில் வழக்கமாயிற்று. 1957 அக்டோபர் 7ஆம் தேதி முதல் உலையில் அந்த வேலையைத் தொடங்கினார்கள். சூடு போதவில்லை என்று கருதி மறுநாள் மீண்டும் ஒரு முறை ஏற்றினார்கள். 10ஆம் தேதி வியாழக்கிழமை, வெப்பம் தணிவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போவதையும், புகைபோக்கியில் கதிரியக்கம் மிகுவதையும் கண்டு ஒரு கால்வாயின் அடைப்பைத் திறந்து பார்த்தபோது, உள்ளே யுரேனியத் தண்டுகள் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தன. நிலையத்தின் துணை மேலாளரான டாம் டூஹி உலையின் உச்சிக்குப் பலமுறை ஏறி, பார்வைத் துளைகள் வழியே நெருப்பின் போக்கைத் தாமே கவனித்தார். கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். நெருப்பு அதை லட்சியம் செய்யவில்லை. கனலும் உலோகத்தின்மேல் நீர் பட்டால் ஹைட்ரஜன் தோன்றி உலையே வெடிக்கலாம் என்ற திகில் இருந்தும், வேறு உபாயமில்லாமையால், 11ஆம் தேதி காலையில் நீரைப் பாய்ச்சிக் காற்றையும் நிறுத்தினார்கள். வெடிக்கவில்லை, மறுநாளைக்குள் நெருப்பு அவிந்தது. அதற்குள் சுமார் 20,000 கியூரி அயோடின்-131 காற்றோடு கலந்து போய்விட்டது.

*

தீ எரிந்துகொண்டிருந்தபோதே ஊழியர்கள் அண்டை ஊர்களில் காற்றைச் சோதித்து, ஜனங்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டிய அவசியமில்லை என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் சரியானதே. ஏனெனில் அயோடின் மனிதரை நாடி வரும் முக்கிய மார்க்கம் மூச்சன்று. காற்றில் மிதந்து வந்த அயோடின் புல்லின்மேல் படிந்தது. பூக்கள்தோறும் திரிந்து தேனீ தேனைத் திரட்டுவதுபோல், பசு பகல் முழுவதும் பரந்த மேய்ச்சலில் அங்கங்கே சிதறிக் கிடந்ததையெல்லாம் திரட்டி, ஓரிரு நாளில் பாலில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பாலைக் குடிக்கும் மனிதனுடைய கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, தனக்கு இயல்பாகவே வேண்டிய அயோடினுக்கும் உலையிலிருந்து வந்த அயோடினுக்கும் பேதம் அறியாமல் இரண்டையும் ஒன்றாகவே வாங்கிச் சேமிக்கிறது. நெடுந்தூரம் பரவி நீர்த்துப்போன ஒரு வஸ்து இவ்வாறு படிப்படியாகச் செறிந்து, சில கிராம் எடையுள்ள ஓர் உறுப்பில் வந்து குவிகிறது.

விண்ட்ஸ்கேலின் சுகாதாரப் பிரிவினர் பாலைப் பற்றி யோசித்ததற்கு முந்திய அனுபவமும் ஒரு காரணம். தீ விபத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னிருந்தே, உடைந்த குப்பிகளிலிருந்து யுரேனிய ஆக்ஸைடுத் துகள்கள் புகைபோக்கி வழியே தப்பி வெளியேறி, அண்டைப் பண்ணைகளின் பாலில் ஸ்ட்ரான்ஷியத்தின் அளவு கூடியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் பொதுஜனங்கள் அறியவில்லை. 11ஆம் தேதி பிற்பகலில் கறந்த பாலைச் சேகரித்து ஆராய்ந்தபோது, மறுநாள் கிடைத்த விடை லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மைக்ரோகியூரி வரை இருந்தது.

இந்த அளவு அதிகமா, குறைவா? இக்கேள்விக்கு விடையளிக்கும் எண் எதுவும் அன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கதிரியக்கத் தொழிலில் ஈடுபடுவோர் ஆயுள் முழுவதும் நாள்தோறும் ஏற்கலாகும் அளவுகளைக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் கமிஷன் வகுத்திருந்தது. ஒரு விபத்துக்குப் பின், சில வாரங்களுக்கு மட்டும், கைக்குழந்தை குடிக்கும் பாலில் எவ்வளவு அயோடின் இருக்கலாம் என்று யாரும் முன்கூட்டி யோசித்து எழுதி வைக்கவில்லை. உலையைக் கட்டி ஏழு வருஷங்கள் ஓட்டிய தேசம், அந்த உலை எரிந்தால் பண்ணைக்காரருக்கு என்ன சொல்வது என்பதைத் தீர்மானிக்காமலே இருந்துவிட்டது. நிலையத்தின் சுகாதாரப் பிரிவுத் தலைவர் ஹியூ ஹௌவெல்ஸும், அவருடன் டெலிபோனிலும் நேரிலும் கலந்தாலோசித்த வைத்தியர்களும் பௌதிகிகளும், சனிக்கிழமை சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணை உண்டாக்க வேண்டியவர்களானார்கள்.

அவர்கள் சென்ற வழியைப் படிப்படியாகத் தொடர்ந்து பார்ப்பது பயனுடையது. பின்னால் எழுந்த எல்லா வரம்புகளும் ஏறக்குறைய அதே வழியில்தான் பிறந்தன.

முதலாவது, யாரைக் காப்பது என்ற கேள்வி. வளர்ந்தவருடைய தைராய்டின் எடை சுமார் 20 கிராம். கைக்குழந்தையின் தைராய்டு அதில் நாலில் ஒரு பங்குக்கும் மேலிராது. குழந்தையோ, அந்த நாட்டில், தன் உடம்புக்கு மிகையான பாலைத் தினந்தோறும் குடிப்பது. ஒரே அளவு அயோடின் சிறு சுரப்பியில் சேரும்போது, ஒவ்வொரு கிராம் தசைக்கும் கிடைக்கும் கதிர் பன்மடங்கு பெருகும். ஆகவே கணக்கு முழுவதும் குழந்தையையே மையமாக வைத்துப் போடப்பட்டது. குழந்தைக்கு ஆகாதது ஜில்லாவில் ஒருவருக்கும் விற்கப்பட மாட்டாது.

இரண்டாவது, எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. அமெரிக்காவில் மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பி வீங்கிய கைக்குழந்தைகளுக்கு எக்ஸ்-ரே சிகிச்சை செய்யும் வழக்கம் சில காலம் இருந்தது. அவ்வாறு சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்குப் பல வருஷங்களுக்குப் பின் தைராய்டில் புற்றுநோய் கண்டதை 1950ல் வைத்தியர்கள் வெளியிட்டிருந்தார்கள். அந்தச் சிகிச்சையில் செலுத்திய அளவுகளுக்கு மிகவும் கீழே நிற்கும்படி, குழந்தையின் தைராய்டுக்கு 20 ராட் (தசை ஏற்கும் கதிரின் அன்றைய அலகு) என்ற எல்லையை ஹௌவெல்ஸின் குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது, எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்வி. அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகத் தேய்வது. அதனுடன் மழையும் காற்றும் புல்லைக் கழுவுவதையும், புதுப் புல் தழைப்பதையும் சேர்த்து நோக்கினால், மேய்ச்சலில் அது ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒரு முறை பாதியாகும். ஆகவே முதல் நாள் பாலில் உள்ள அளவைக் கொண்டு, தடையே விதிக்காவிட்டால் குழந்தை மொத்தத்தில் எவ்வளவு உட்கொள்ளும் என்று கூட்டிப் பார்க்கலாம். அந்தக் கூட்டலை 20 ராடிலிருந்து தலைகீழாகப் போட்டு, எளிய எண்ணாகத் திருத்தி நிறுத்தியபோது கிடைத்ததே லிட்டருக்கு 0.1 மைக்ரோகியூரி.

இந்த மூன்று படிகளில் பௌதிக சாஸ்திரம் தானாகச் சொன்னது எது, மனிதர் தீர்மானித்தது எது என்று பிரித்துப் பார்த்தால், அயோடின் தேயும் வேகமும் சுரப்பியின் எடையும் இயற்கை சொன்னவை. இருபது ராட் என்பது மனிதர் சொன்னது. பத்து என்று அவர்கள் எழுதியிருந்தால் பாலின் வரம்பு பாதியாகி, தடைப் பிரதேசம் இன்னும் விரிந்திருக்கும். நாற்பது என்று எழுதியிருந்தால் பல பண்ணைகள் தப்பியிருக்கும். இரண்டில் எதை எழுதியிருந்தாலும் அதற்கும் நியாயம் காட்டியிருக்க முடியும். வரம்புக்குக் கீழே அமிர்தமும் மேலே ஆலகாலமும் இருப்பதாகப் பாமரர் நினைப்பது இயல்பு. உண்மையில் அந்தக் கோடு, இவ்வளவு அபாயத்தை ஏற்போம், இதற்கு மேல் ஏற்க மாட்டோம் என்று ஒரு சமூகத்தின் சார்பில் சிலர் எழுதிக் கையொப்பமிட்ட தீர்ப்பு.

*

தீர்ப்பு அன்றிரவே நிறைவேறத் தொடங்கியது. உலைக்கு மிக அருகிலிருந்த ஒரு சில பண்ணைகளுக்கு, மறுநாள் காலைப் பாலை விற்பனைக்கு அனுப்பலாகாது என்று இரவோடு இரவாகச் சொல்லியனுப்பினார்கள். மேலும் மேலும் சோதித்தபோது, உலையை விட்டு விலகியிருந்தால் க்ஷேமம் என்ற எண்ணம் பொய்யென்று தெரிந்தது; அதிகபட்ச அளவான 1.4 மைக்ரோகியூரி, வாசலிலுள்ள பண்ணையிலன்று, சுமார் பத்து மைலுக்கு அப்பாலுள்ள பண்ணையின் பாலில் காணப்பட்டது. காற்று போன வழியே வரம்பும் போக வேண்டியதாயிற்று. அக்டோபர் 15ஆம் தேதிக்குள் தடை, கரையோரமாகத் தெற்கு நோக்கி நீண்டு, 200 சதுர மைலையும் ஏறக்குறைய 600 பண்ணைகளையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

பசுக்களுக்கு உத்தரவு தெரியாது. காலையும் மாலையும் கறந்தேயாக வேண்டும். கறந்த பாலை வழக்கம்போல் வண்டிகள் வந்து எடுத்துச் சென்றன; எடுத்துச் சென்றதை நீரில் கலந்து வாய்க்கால்களிலும் ஐரிஷ் கடலிலும் கொட்டினார்கள். எட்டு நாளில் பாதியாகும் விஷம் கொண்ட பாலை மாவாக்கியோ பாலாடைக் கட்டியாக்கியோ இரண்டு மூன்று மாதம் வைத்திருந்தால் தீங்கற்றதாகியிருக்கும் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும். ஆனால் அந்தப் பண்டத்தைப் பின்னர் வாங்குவோர் யார் என்ற கேள்விக்குக் கணக்கில் விடையில்லை. பண்ணைக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுத்ததால், வரம்பை ஒளித்து மீற வேண்டிய காரணம் அவர்களுக்கு எழவில்லை. இந்த அம்சத்தைச் சிறியதென்று தள்ளிவிடலாகாது. தடையின் பாரத்தைத் தடைப்பட்டவன் தலையிலேயே சுமத்தும் இடத்தில் எந்த வரம்பும் காகிதத்திலேயே நின்றுவிடும்.

ஸ்ட்ரான்ஷியத்தையும் தனியே அளந்தார்கள். முட்டை, காய்கறி, மாமிசம், குடிநீர் ஆகியவற்றையும் சோதித்து, அவற்றுக்குத் தடை வேண்டியதில்லை என்று கண்டார்கள். பிரதேசம் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டு, நவம்பர் 23ஆம் தேதி கடைசித் தடையும் நீங்கியது. அண்டையிலிருந்த ஜனங்களின் கழுத்தில் கருவி வைத்துச் சோதித்ததில், மிக அதிகமாகக் கதிர் பெற்ற குழந்தையின் தைராய்டுக்குச் சேர்ந்த அளவு ஏறக்குறைய 16 ராட் என்று மதிப்பிடப்பட்டது. இருபதுக்குக் கீழேதான், ஆனால் வெகு கீழேயன்று. தடை சில நாள் தாமதித்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

*

இவ்வளவு விரைவாகவும் விவேகமாகவும் நடந்த காரியத்துக்குப் பின்னே மறைவும் இருந்தது. ருஷ்யாவின் ஸ்புட்னிக் ஆகாயத்தில் வட்டமிடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத சமயத்தில் விண்ட்ஸ்கேல் எரிந்தது. அமெரிக்கா தன் அணு ரகசியங்களை மீண்டும் பிரிட்டனுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்குமென்ற நம்பிக்கையுடன் பிரதம மந்திரி ஹெரால்டு மாக்மில்லன் அதே மாதத்தில் வாஷிங்டன் சென்று ஜனாதிபதி ஐசனோவரைச் சந்தித்தார். ஸர் வில்லியம் பென்னி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அக்டோபர் 26ஆம் தேதி கொடுத்த அறிக்கையில் நிர்வாகக் குறைகளும் கருவிகளின் போதாமையும் எடுத்துக் காட்டப்பட்டிருந்தன. அதைப் படிக்கும் அமெரிக்கர், இவர்களை நம்பி எதைக் கொடுப்பது என்று தயங்கக்கூடுமென்று அஞ்சிய மாக்மில்லன், அறிக்கையை முழுமையாக வெளியிடாமல், நவம்பரில் வெள்ளை அறிக்கையொன்றை மட்டும் பார்லிமெண்டில் வைத்தார். 1958ல் மக்மஹோன் சட்டம் திருத்தப்பட்டது. பிரிட்டன் நாடியது கிடைத்தது. பென்னியின் மூல அறிக்கை ஜனங்களின் கைக்கு வந்தது 1988ல்.

மறைந்திருந்தவற்றுள் இன்னொன்று போலோனியம்-210. ஆயுதத் தேவைக்காக உலையில் பிஸ்மத்தை வைத்து அதை உண்டாக்கினார்கள். அதுவும் தீயில் வெளியேறியது. வெளியேறியவை இன்னின்னவை என்று பொதுஜனங்களுக்குச் சொன்ன கணக்கில் அது இடம்பெறவில்லை. 1980களில்தான் அதையும் சேர்த்துத் தீங்கைக் கணக்கிட்டார்கள். பாலுக்கு வரம்பு விதித்தவர்கள் தங்கள் அளவீடுகளை 1958ல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாட்டு அணுசக்தி மகாநாட்டில் விஞ்ஞானிகளுக்கு எடுத்துரைத்தார்கள். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு, உலையில் என்ன பிழை நேர்ந்தது என்பதை அவர்களுடைய சர்க்கார் முப்பது வருஷம் முழுதாகச் சொல்லவில்லை.

ஆயினும் அதே இலையுதிர் காலத்தில் உலகின் மறுபக்கத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் கம்பர்லாந்து பாக்கியம் செய்தது. விண்ட்ஸ்கேலில் தீயைக் கண்டறிந்ததற்குப் பதினோரு நாள் முன்பு, செப்டம்பர் 29ஆம் தேதி, ருஷ்யாவின் ஊரல் மலைப் பிரதேசத்தில் மாயக் என்னும் ரகசிய நிலையத்தில் கதிரியக்கக் கழிவுத் தொட்டியொன்று வெடித்து, ஸ்ட்ரான்ஷியம் கலந்த மேகம் கிராமங்களின்மேல் படிந்தது. அங்கேயும் விளைபொருள்களை அழித்தார்கள், ஜனங்களைக் குடிபெயர்த்தார்கள். காரணம் மட்டும் சொல்லவில்லை. நாடு கடந்து வாழ்ந்த ருஷ்ய விஞ்ஞானி ஜோரெஸ் மெத்வதேவ் 1976ல் எழுதிய பிறகே உலகம் அதை அறிந்தது.

*

விண்ட்ஸ்கேல் கற்பித்த பாடம், எண்ணை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பது. பிரிட்டனின் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் 1959ல், விபத்துக்குப் பின் உணவில் அனுமதிக்கத்தக்க அளவுகளை அயோடினுக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் சீசியத்துக்குமாக வகுத்து வெளியிட்டது. ஆனால் எழுதி வைத்த எண் இருப்பது மட்டுமே போதுமா என்பதற்கு 1986 இரு வகையில் விடை சொன்னது.

முதல் விடை சோவியத் நாட்டிலிருந்து வந்தது. செர்னோபில் உலை வெடித்த ஏப்ரல் 26க்குப் பிறகு, மே மாத முதல் வாரத்தில், பாலில் அயோடின்-131 லிட்டருக்கு 3,700 பெக்கரலுக்கு மேல் கூடாது என்று மாஸ்கோ உத்தரவிட்டது. புதிய அலகில் 3,700 பெக்கரல் என்பது பழைய அலகில் 0.1 மைக்ரோகியூரி, ஆக, கம்பர்லாந்தின் எண்ணேதான். கம்பர்லாந்தில் அந்த எண் தீ அவிந்த அன்றே எழுதப்பட்டு அன்றிரவே பண்ணை வாசலை எட்டியது. பெலாரஸிலும் உக்ரைனிலும், வீட்டுக்கொரு பசு வைத்திருந்த கிராமத்தார் அந்த எண்ணைக் கேள்விப்படுவதற்கு முன்னரே ஒரு வாரப் பாலைக் குழந்தைகளுக்கு ஊட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தைகளிடையே 2005க்குள் ஆறாயிரத்துக்கும் அதிகமான தைராய்டு புற்றுநோய்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணம் என்பது ஐக்கிய நாட்டு விஞ்ஞானக் குழுவின் முடிவு.

இரண்டாவது விடை, ஆச்சரியமாக, கம்பர்லாந்திலிருந்தே வந்தது. 1974ல் கம்பிரியா என்ற பெருஞ்ஜில்லாவில் அது சேர்க்கப்பட்டிருந்தது. விண்ட்ஸ்கேலும் 1981ல் செல்லாஃபீல்டு என்று பெயர் மாறியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் செர்னோபில் மேகம் கடந்து சென்றபோது அந்த மலைகளிலும் வேல்ஸின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் பலத்த மழை பெய்து சீசியத்தைத் தரையில் இறக்கியது. ஆட்டிறைச்சியில் கிலோவுக்கு 1,000 பெக்கரல் என்ற வரம்பை வைத்து, ஜூன் 20ஆம் தேதி சர்க்கார் தடை விதித்து, மூன்று வாரத்தில் நீங்கிவிடும் என்றும் சொன்னது. சமவெளியின் களிமண்ணில் சீசியம் சிக்கிக்கொண்டு பயிருக்கு ஏறாமல் நின்றுவிடும் என்ற அறிவை ஆதாரமாகக் கொண்டது அந்த வாக்கு. மலையின் மண்ணோ களிமண்ணன்று. மக்கிய தாவரத்தாலான, புளிப்பேறிய பீட் மண். அதில் சீசியம் சிக்கவில்லை; மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டிலிருந்து மீண்டும் மண்ணுக்குமாகச் சுற்றிக்கொண்டேயிருந்தது. சீசியம்-137 பாதியாக முப்பது வருஷம் வேண்டும். மூன்று வாரம் என்று சொன்ன தடை, சுமார் 10,000 பண்ணைகளையும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளையும் தொட்டு, உயிருள்ள ஆட்டைக் கருவியால் சோதித்து வர்ணப் பூச்சால் அடையாளமிடும் நித்திய வழக்கமாக மாறி, இருபத்தாறு வருஷங்களுக்குப் பின், 2012 ஜூன் முதல் தேதிதான் முற்றிலும் நீங்கியது.

அந்த வருஷங்களில் மலைப் பண்ணைக்காரர்களிடம் சென்று பேசிய பிரையன் வின் என்ற சமூகவியல் அறிஞர், அவர்களில் பலர் இந்தச் சீசியம் ருஷ்யாவிலிருந்து வந்ததா, அல்லது கண்ணெதிரே நிற்கும் செல்லாஃபீல்டிலிருந்து 1957லேயே வந்து ஒளித்து வைக்கப்பட்டதா என்று ஐயுற்றதைப் பதிவு செய்திருக்கிறார். சீசியத்தின் இரு வகைகளுக்கிடையேயான விகிதத்தைக் காட்டி அது செர்னோபிலின் சரக்கு என்று விஞ்ஞானிகள் முதலில் உறுதி கூறினார்கள். ஒரு பகுதி பழைய குண்டுச் சோதனைகளிலிருந்தும் விண்ட்ஸ்கேலிலிருந்தும் வந்ததென்று பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பண்ணைக்காரருடைய சந்தேகத்துக்கு விதை போட்டவர் யாரென்று தேட வேண்டியதில்லை. ஒரு முறை முழு உண்மையைச் சொல்லாத வாய், அடுத்த முறை சரியான எண்ணைச் சொன்னாலும் பாதி நம்பிக்கையே பெறும்.

ஆகவே கம்பர்லாந்தின் இரண்டு வரம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சரித்திரக்காரன் சொல்லக்கூடிய தீர்ப்பு இதுவே: உணவின் கதிரியக்க வரம்பு எவ்வளவு நுட்பமாகக் கணிக்கப்பட்டது என்பதைவிட, அது எத்தனை நாளில் பண்ணை வாசலை எட்டியது, அதனால் நஷ்டப்பட்டவனுக்கு ஈடு கிடைத்ததா, அதை எழுதிய காரணத்தை அதற்குக் கட்டுப்படுவோர் முன்னிலையில் வைத்தார்களா என்ற மூன்றுமே அதன் தகுதியை நிர்ணயிக்கின்றன. 1957ல் முதலிரண்டும் நிறைவேறின, மூன்றாவது தவறியது. அந்த ஒரு தவற்றின் வட்டியை அதே மலைகள் முப்பது வருஷம் கழித்துச் செலுத்தின.

செர்னோபிலுக்குப் பின் ஐரோப்பா ஒரே எண்ணில் உடன்பட முடியாமல் திண்டாடியது. பாலின் அயோடினுக்கு மேற்கு ஜெர்மனியின் மத்திய நிபுணர் குழு லிட்டருக்கு 500 பெக்கரல் என்று சொல்ல, ஹெஸ்ஸே மாகாணம் 20 என்றது. ஐரோப்பியச் சமூகம் பொது உணவின் சீசியத்துக்கு 600 என்று இறக்குமதி வரம்பு விதிக்க, நார்வே தன் சாமி இனத்தாரின் பிழைப்பை உத்தேசித்துக் கலைமான் இறைச்சிக்கு 6,000 வரை அனுமதித்தது. அந்த விவாதத்தை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)